மூன்று தொப்பிகளும் ஒரு ரயிலும்

அப்பாவின் தையல் கடை மேசைமேல் மூன்று தொப்பிகள் சாதுவாக உட்கார்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி அப்பாவும் அவருடைய நண்பர்களான சலூன் மாமாவும் லாரி மாமாவும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சிட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரயில். முதன்முதலாகக் கடலைப் பார்க்கப் போகிறாள். இந்தச் சண்டை முடிந்தால்தானே!

போன வருடம் கண்காட்சிக் கூட்டத்தில் சலூன் மாமா தொலைந்துபோனார். அவரைத் தேடியே பொழுது போய்விட்டது. அதனால் இந்த முறை மூவரும் ஒரே மாதிரி தொப்பி போடுவது என்று முடிவு. எந்தத் தொப்பி? அங்கேதான் வந்தது வினை.

“இந்தக் கறுப்புத் தொப்பிதான்! போட்டா ராஜா மாதிரி இருக்கும்,” என்றார் அப்பா.

“ராஜாவா? கூஜா மாதிரி இருக்கேடா!” என்றார் சலூன் மாமா. “இந்தச் சின்னக் கேப்பைப் பாரு. என்னா ஸ்டைல்!”

“உன் ஸ்டைலை யாரு பார்க்கப்போறா? ஓலைத் தொப்பிதான் சரி.” லாரி மாமா அகலமான தொப்பியைத் தம் வழுக்கைத் தலையில் கவிழ்த்தார்.

“ஐயோ, குடைக்குக் கால் முளைச்சிருச்சு!” என்று சிரித்தார் சலூன் மாமா.

லாரி மாமாவின் முகம் சிவந்தது. “அப்போ நான் வரல. டிக்கெட்டை ரத்து பண்ணுங்கடா!”

“பண்ணிட்டாப் போச்சு. யாருக்கு நஷ்டம்?” என்றார் சலூன் மாமா.

எனக்குத்தான்! சிட்டு எழுந்து வந்தாள்.

“லாரி மாமா, உங்களுக்கு ஏன் அவ்ளோ பெரிய தொப்பி?”

அவர் தயங்கினார். “வெயில் பட்டா மண்டை கொப்பளிச்சிடும் கண்ணு. முடி இருக்கிறவங்களுக்கு அது எங்கே புரியும்?”

சலூன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். “பெரிய தொப்பி காத்துல பறந்துடும். துரத்திட்டு ஓட என் முட்டி ஒத்துழைக்காது.”

“அப்பா, உங்களுக்கு?”

அப்பாவின் குரல் இறங்கியது. “இதுல நான் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்னு உங்கம்மா சொன்னா.”

கடையே அதிரும்படி சிரிப்பு எழுந்தது.

“கடற்கரையில எல்லாரும்தான் தொப்பி போட்டிருப்பாங்க. ஒரே மாதிரி போட்டா மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டாள் சிட்டு.



வெட்டுத்துணிக் குவியலிலிருந்து கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் துணியை உருவினாள். நீளமாக மூன்று துண்டு வெட்டி, பின்னால் வால் தொங்கும்படி மூன்று தொப்பிகளிலும் கட்டினாள்.

“அவங்கவங்க தொப்பி அவங்கவங்களுக்கு. வால் மட்டும் எல்லாருக்கும்!”

சாயங்காலம் ரயில் நிலையத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ரயில் புறப்பட நேரமாகிவிட்டது. தண்ணீர் வாங்கப் போன சலூன் மாமாவைக் காணோம்!

“மறுபடியுமா!” என்று அம்மா பதறினாள்.

சிட்டு ரயில் ஜன்னலில் முகத்தை வைத்துக் கூட்டத்தைக் கண்களால் துழாவினாள். தலை, தலை, தலை... நடுவில் ஓர் ஆரஞ்சு வால்!

“அதோ, பழக்கடைகிட்ட! எதிர்ப்பக்கம் போறாரு!”

லாரி மாமா ஹார்ன் போல ஒரு குரல் கொடுத்தார். வால் சட்டென்று திரும்பியது. முட்டி வலியை மறந்து ஓடிவந்த மாமாவை அப்பா கைகொடுத்துப் பெட்டிக்குள் ஏற்றினார்.

விசில் ஊதியது. மூன்று நண்பர்களும் சிட்டுவைப் பார்த்து ஒரே நேரத்தில் தொப்பியை உயர்த்தினார்கள்.

“அம்மாடி!” என்று கண்களைப் பொத்திக்கொண்டாள் சிட்டு. “லாரி மாமா, தலை மின்னுது! தொப்பியைப் போடுங்க!”

பெட்டி முழுவதும் சிரிக்க, ரயில் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது.