முகம் காட்டாதவள்

2019ஆம் ஆண்டு. இலையுதிர்காலக் கண்காட்சி திறக்க இன்னும் சில கிழமைகள் இருந்தன. யசோதராவுக்கோ இப்போதே இருப்புக்கொள்ளவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில ஓவியங்கள் ஒரே கூரையின் கீழ் வரப்போகின்றன. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழைய கலண்டர்களிலிருந்து வெட்டி, அறைச் சுவரில் ஒட்டி வைத்த படங்களின் வகை அவை. அதுமட்டுமல்ல, பார்வையாளர்கள் காதில் மாட்டிக் கேட்கும் விளக்கப் பதிவுக்குத் தமிழ்க் குரலாக அருங்காட்சியகம் அவளையே கேட்டிருந்தது. பேர்ன் நகரில் பிறந்தவள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள்.

அருங்காட்சியகம் ஏரிக்கரையில் ஒரு பழைய மாளிகை. அவள் போய்ச் சேர்ந்த மத்தியானம் ஏரி தெரியவில்லை. பனிமூட்டம் யன்னல்வரை வந்து நின்றது. ஒலிப்பதிவு செய்யும் அபிசன் வாசலில் காத்திருந்தான்.

"மேல்மாடியிலைதான் அக்கா சத்தமில்லாத அறை. ஆனா படங்களும் அங்கைதான் கிடக்கு. இன்னும் மாட்டேல்லை."

"அப்ப எல்லாருக்கும் முதல் நான் பாத்திடுவன்," என்று அவள் சிரித்தாள்.

அறைக்குள் நனைந்த கம்பளி மணம். சுவரோரம் சட்டங்கள் கடதாசி சுற்றியபடி சாய்ந்திருந்தன. ஒன்று மட்டும் திறந்திருந்தது. யன்னலோரக் கதிரையில், பச்சை உடுப்போடு, முதுகைக் காட்டி இருக்கும் ஒரு பெண்.

அந்தப் படத்தின் கதையைக் கண்காட்சிப் பொறுப்பாளர் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். வரைந்தவன் தன் நோயாளி மனைவியைப் பனிக்காலம் முழுக்க அந்த யன்னலோரம் இருத்தி வைத்தானாம். எழும்ப விடவில்லையாம். முகத்தைத் தரமாட்டேன் என்று அவள் திரும்பிக்கொண்டாளாம். அப்படியே செத்தும் போனாளாம்.

யசோதரா படத்துக்கு முதுகு காட்டி மைக்கின் முன் இருந்தாள். எதிரே அபிசன், கணினியும் காதில் ஹெட்போனுமாக.

அவள் வாசித்தாள். "இந்தப் பெண்ணின் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அதில் பொறுமையும் அன்பும் நிறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம்."

அபிசன் கையை உயர்த்தினான். "ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கடைசியிலை என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லையே."

அவன் பதிவை ஸ்பீக்கரில் போட்டான். அவளுடைய குரல். பொறுமை, அன்பு, ஊகிக்கலாம். பிறகு ஒரு மூச்சு.

பிறகு அதே குரல், பல்லைக் கடித்துக்கொண்டு:

"பொய்."

"இது நானில்லை அபிசன்."

"குரல் உங்கடதுதானே அக்கா."

மிசின் பிழையாக இருக்கும் என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். அவள் மீண்டும் அதே வரிகளை வாசித்தாள், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக. முடித்ததும் அபிசன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனில் தனியே கேட்டான்.

அவன் முகம் வெளிறியது.

"என்ன சொல்லுது?"

"கேக்குது," என்றான் மெல்ல. "'திரும்பட்டோ' எண்டு கேக்குது."

கம்பளி மணம் தடித்தது. அவளுக்குப் பின்னால், மிக மெதுவாக, மரக்கதிரை ஒன்று தரையில் உரசியது.

அந்த அறையில் மரக்கதிரையே இல்லை.

அபிசனின் கண்கள் அவள் தோளைத் தாண்டிப் போயின. அங்கேயே நின்றன. அடுத்த நொடி ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான். இடது காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியே இறங்கியது.

"அபிசன்!"

"திரும்பாதேங்கோ அக்கா. தயவுசெய்து திரும்பாதேங்கோ."

அவள் திரும்பவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி கதவுவரை நடந்தாள். பிடரியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டே கூட வந்தார்கள். அந்த மூச்சில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. வெறுப்பு மட்டும் இருந்தது. வாசல்படியைத் தாண்டும்போது அவள் தலைமயிரை ஒரு கை கொத்தாகப் பிடித்து இழுத்தது. அவள் அலறியபடி பிய்த்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். காரணம் தெரியவில்லை என்றார்கள். அந்தக் காது பிறகு அபிசனுக்குக் கேட்கவேயில்லை. என்ன கண்டான் என்று அவள் ஒருமுறை கேட்டபோது அழத் தொடங்கினான். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. இருவருமாகப் பதிவை அழித்தார்கள். தன்னால் முடியாது என்று யசோதரா அருங்காட்சியகத்துக்கு அறிவித்தாள். கண்காட்சி ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கில விளக்கங்களோடு மட்டும் திறந்தது. எத்தனையோ நாள் ஆசைப்பட்டுக் காத்திருந்தவள் அந்தப் பக்கமே போகவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு. அவள் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாய், பேர்னின் பூம்ப்ளிஸ் பகுதியில் இருக்கும் செல்வராணி, தொலைபேசி எடுத்தாள்.

"ரீச்சர், நேற்று வகுப்பு முடியப் பிள்ளையளோடை கண்காட்சிக்குப் போனனாங்கள். உங்கட தமிழ் விளக்கம் கேட்டனாங்கள். நல்லாயிருந்தது."

யசோதரா தொலைபேசியை இறுகப் பிடித்தாள். "தமிழிலையோ?"

"ஓம் ரீச்சர், உங்கட குரல்தானே. பச்சை உடுப்புக்காரியின்ரை படத்துக்கு. ஒண்டுதான் விளங்கேல்லை. கடைசியிலை ஏன் உங்கட தெருப் பேரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னனீங்கள்?"

யசோதரா எழும்பிப் போய் வாசல் கதவைப் பூட்டினாள்.

"சொல்லிப்போட்டு, 'இப்ப நான் அங்கைதான் இருக்கிறன்' எண்டும் சொன்னனீங்கள்."