வாஸ்கோவின் ஜன்னல் சீட்

ரயிலில் ஏறியதும் முதல் வேலை ஷூவைக் கழற்றுவது. அடுத்து, கதவுக் கண்ணாடியின் திரையை இழுத்து மூட வேண்டும். முதுகுப்பைகளைக் காலி சீட்டுகளில் கிடத்தி, மேலே ஈரத் துண்டை விரித்து, கடைசியாக ஜன்னலோரத்தில் கோட்டை உட்கார வைக்க வேண்டும். பத்தொன்பது நாளில் பிலிப்பாவுக்கு இதெல்லாம் கைவந்த கலையாகிவிட்டது.

"வாஸ்கோ உக்காந்தாச்சா?" என்றாள் தெல்மா.

"துரை உக்காந்தாச்சு. இனி ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

ஸ்லோவேனியாவின் மலையடிவாரத்து ஜங்ஷன் அது. அக்டோபர் மாதம், மதியம் மூன்று மணிக்கே பனி பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டது. வேகமான வண்டி இல்லாமல் இல்லை. ஆனால் கையில் ரயில் பாஸ் இருந்தாலும் அதில் சீட்டுக்குத் தனியாகக் காசு கேட்பான். அதனால் இவர்களுக்கு எப்போதும் ஊர் ஊராக நிற்கிற வண்டிதான். ஆறு பேர் உட்காரும் பழைய தடுப்பறை. அதில் வேறு யாரும் ஏறாவிட்டால் காலை நீட்டித் தூங்கலாம், விடுதிச் செலவில் பாதி மிச்சம். அதற்குத்தான் இந்தப் பொய்.

கோட்டு லியோன் நகரத்து விடுதியில் கிடைத்தது. போகிறவர்கள் வேண்டாததைப் போட்டுவிட்டுப் போகிற பெட்டிக்குள், அடியில் கிடந்தது. சாம்பல் நிறக் கம்பளி, ஆளுயரம், நல்ல கனம். குளிருக்கு ஆகும் என்று பிலிப்பா எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே ரயிலில் ஒருவர் கதவைத் திறந்து "இடம் இருக்கா?" என்று கேட்க, "இல்லைங்க, அது எங்க ஃப்ரெண்டு வாஸ்கோவோட சீட்டு. டாய்லெட் போயிருக்கான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆள் போய்விட்டார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று பிறந்தவன் வாஸ்கோ. நாளுக்கு நாள் வளர்ந்தான். அவனுக்கு வயிறு சரியில்லை, அதனால்தான் எப்போதும் டாய்லெட். ஜன்னல் சீட்டு இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். மத்தி மீன் என்றால் உயிர். டப்பாவைத் திறந்தால் கடைசித் துண்டு அவனுக்கு. "உனக்குடா வாஸ்கோ" என்று கோட்டின் முன்னால் நீட்டி, பிறகு பிலிப்பாவே வாயில் போட்டுக்கொள்வாள்.

தெல்மாவுக்கு இந்த விளையாட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவள் பயந்த சுபாவம். சொந்த ஊரான பிராகாவை விட்டு எங்கேயும் போகாதவளை நச்சரித்து நச்சரித்துக் கிளப்பியவள் பிலிப்பாதான். அம்மா இல்லாத பெண். ரொட்டிக்கடை வைத்திருக்கும் அப்பா அர்மாண்டோவுக்கு ஒரே மகள். வழியனுப்ப வந்தவர் பிளாட்பாரத்தில் பிலிப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேராப் போறீங்க. ரெண்டு பேரா வந்து நிக்கணும். அவ்வளவுதாம்மா நான் கேக்கறது."

"என்ன அங்கிள், நான் கூட இருக்கேன்ல!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டாள் பிலிப்பா.

வண்டி கிளம்பும்போது கதவு திறந்தது. கூடை நிறையக் காளானோடு ஒரு தடித்த மனிதர். கூடையிலிருந்து ஈர மண் வாசனை வந்தது.

"ஒரு இடம் இருக்குமா?"

"மன்னிச்சிருங்க. எல்லாத்துக்கும் ஆள் இருக்கு" என்றாள் பிலிப்பா.

அவர் ஜன்னல் சீட்டைப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்தினார்.

"ஓ, தூங்கறாரா? அடடா. பாக்கலை."

கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நுனிக்காலில் நடந்து போனார்.

பிலிப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியாடி! கண்ணாடி போட வேண்டிய ஆளு!"

தெல்மா சிரிக்கவில்லை. "கண்ணாடி போட்டிருந்தாருடி" என்றாள்.

மலையேறும் அந்தத் தடத்தில் மூன்று பெரிய சுரங்கங்கள். முதல் சுரங்கம் வந்தபோது மத்தி டப்பா திறந்திருந்தது. ஒரு துண்டு மிச்சம். வண்டி உள்ளே நுழைந்ததும் விளக்கு எரியவில்லை. இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு. சக்கரங்களின் இரைச்சல் காதை அடைத்தது. அதற்குள்ளேயும் ஒரு சின்னச் சத்தம் தனியாகக் கேட்டது.

தகரத்தை விரல் நகம் சுரண்டும் சத்தம்.

மழையில் நனைந்த கம்பளியின் வாடை எழுந்தது.

வெளிச்சம் வந்தது. டப்பா காலி. எண்ணெய்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தது.

"நீதான தின்ன?" என்றாள் பிலிப்பா.

"அப்பா மேல சத்தியமா இல்ல."

அப்பா மேல் தெல்மா பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள். பிலிப்பா கோட்டைப் பார்த்தாள். அது வைத்தபடியே இருந்தது. இடது கை மட்டும் மடியில் கிடந்தது. முன்பு அது தொங்கிக்கொண்டிருந்ததா, மடியில்தான் கிடந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். இரண்டு பாஸையும் புரட்டிப் பார்த்தார்.

"மூணாவது ஆளோடது?"

"மூணாவது ஆளா?"

"உள்ள மூணு பேரு, ஒருத்தரு தூங்கறாருன்னு அந்தக் காளான்காரர் சொன்னாரே."

டிக்கெட் இல்லாத ஆள் என்றால் அபராதம். கையில் இருக்கும் காசு ஊர் போய்ச் சேரவே காணாது. பிலிப்பா சட்டென்று கோட்டின் காலரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயோ, இது வெறும் கோட்டு சார்! மூணாவது ஆளெல்லாம் கிடையாது. நாங்க ரெண்டே பேர்தான். சத்தியமா ரெண்டே பேர்."

பரிசோதகர் சீட்டை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. ரெண்டு பேர்" என்று முணுமுணுத்து நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

கோட்டைத் திரும்ப வைக்கும்போது பிலிப்பாவின் கை சீட்டில் பட்டது. சீட்டு சூடாக இருந்தது.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" தெல்மாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "பத்தொன்பது நாளா மூணு பேர்னு ஊரு பூரா சொல்லிட்டு, இப்ப அவன் முன்னாடியே இல்லேன்னா..."

"எவன் முன்னாடி? லூசு. கோட்டுடி அது."

"எனக்குப் பயமா இருக்கு பிலிப்பா. கையப் பிடிச்சுக்கோ."

இரண்டாவது சுரங்கம். பிலிப்பா இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெல்மாவின் கை எப்போதும் சில்லென்று இருக்கும், அப்படித்தான் இருந்தது. ஒருமுறை அழுத்தினாள். பதிலுக்கு ஒரு அழுத்தம் வந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றாள்.

பதில் இல்லை.

"தெல்மா?"

மறுபடி ஒரு அழுத்தம். இந்த முறை பலமாக.

வெளிச்சம் வந்தது.

அவள் கையில் இருந்தது கோட்டின் கை.

எதிரே தெல்மாவின் சீட்டு காலி. ஷூ கீழே கிடந்தது. பை அப்படியே இருந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது.

பிலிப்பா பெட்டியின் நடைவழியில் ஓடினாள். டாய்லெட் திறந்து கிடந்தது, யாருமில்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. எங்கும் இல்லை. வண்டி எங்கேயும் நிற்கவில்லை, ஜன்னல்கள் ஒரு சாண்தான் திறக்கும். பரிசோதகரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என் ஃப்ரெண்டைக் காணோம் சார்! என்கூட வந்த பொண்ணு!"

அவர் தடுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் சீட்டைப் பார்த்தார். எரிச்சலோடு திரும்பினார்.

"விளையாடறியாம்மா? ரெண்டு பேர்னு நீதான சொன்ன? ரெண்டு பேரு சரியா இருக்கீங்களே."

விளையாட்டு வினையாகும் என்பார்கள். அது தெல்மாவின் தலையில் வந்து விடிந்திருந்தது. வாஸ்கோ இல்லை என்று சத்தியம் செய்தவள் பிலிப்பா. இரண்டு பேர் என்று கணக்குச் சொன்னவளும் இவளேதான். கணக்கு இப்போது சரியாக இருக்கிறது. 'ரெண்டு பேரா வந்து நிக்கணும்' என்ற மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இன்னும் ஒரு சுரங்கம். அது முடிந்தால் கடைசி நிலையம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். கடைசி நாளுக்கென்று பத்திரப்படுத்தியிருந்த மத்தி டப்பாவைத் திறந்தாள். ரொட்டியை மூன்றாகப் பிட்டு, மூன்றிலும் மீன் வைத்தாள். பெரிய துண்டு ஜன்னல் சீட்டுக்கு. இன்னொன்று தெல்மாவின் சீட்டில்.

"வாஸ்கோ" என்றாள். "தப்பு என்னோடது. உன்னை நாங்கதான் கூப்பிட்டோம். நான்தான் இல்லேன்னு சொன்னேன், அவ சொல்லல. அவளைக் குடுத்துருப்பா. இனிமே யார் கேட்டாலும் மூணு பேர்னுதான் சொல்லுவேன்."

வண்டி ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. பள்ளிப் பையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"அக்கா, இங்க ஆள் இருக்கா?"

"இருக்கும்மா. நாங்க மூணு பேர்." தெல்மாவின் சீட்டைக் காட்டினாள். "இவ பேரு தெல்மா. டாய்லெட் போயிருக்கா. இதோ வந்துடுவா."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாவது சுரங்கம்.

பிலிப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஈரக் கம்பளியின் வாடை முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரோ மெல்லும் சத்தம். நிதானமாக, ருசித்து. பிறகு இன்னொருவர் மெல்லும் சத்தம்.

வெளிச்சம் வந்தது.

"என்னடி இப்படிப் பாக்கற?" என்றாள் தெல்மா. உதடு வெளுத்து, தலைமுடி ஈரமாக, காலில் ஷூ இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வாயில் ரொட்டி. "டாய்லெட்ல எவ்வளவு நேரம் நிக்கறது! அப்படி ஒரு இருட்டு."

பிலிப்பா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ஊர் திரும்ப மூன்று நாள் ஆனது. கோட்டைத் தூக்கி எறிய பிலிப்பாவுக்குத் துணிவு வரவில்லை. சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து விடுதியில் மூன்று கட்டில் கேட்டாள். காபிக் கடையில் மூன்று கோப்பை வாங்கினாள். எந்தப் பரிசோதகர் வந்தாலும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மூணு பேர் சார், ஒருத்தன் டாய்லெட்ல, அவன் டிக்கெட் அவன்கிட்டயே இருக்கு" என்றாள். இரண்டு என்ற சொல்லை யாரையும் சொல்ல விடவில்லை. தெல்மா எதையும் கேட்கவில்லை. ஜன்னல் சீட்டில் மட்டும் அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை.

பிராகா நிலையத்தில் நல்ல வெயில். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். பிலிப்பாவின் மறுதோளில் கோட்டு. தூரத்தில் மாவு படிந்த ஏப்ரனோடு அர்மாண்டோ நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

பிலிப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்கிள்! ஒண்ணும் சொல்லாதீங்க! மூணு பேர்னு சொல்லுங்க!" என்று பிளாட்பாரம் அதிரக் கத்தினாள்.

அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

"என்னம்மா உளர்ற? நான் என்ன குருடனா? சொன்னபடியே ரெண்டு பேரா வந்துட்டீங்களே!"

பிலிப்பா பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் விரல்களுக்குள் இருந்த கை அவளை ஒருமுறை பலமாக அழுத்தியது. ஈரக் கம்பளியின் வாடை வெயிலில் மெல்ல எழுந்தது.

அர்மாண்டோ அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். வரவர அவருடைய சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.