பாதி விலைப் பணம்

சும்மா கிடக்கும் பணமே மனித குலத்தின் முதல் எதிரி. கொள்ளைநோய்க்கு இரண்டாம் இடம்தான். ஐவின் இதைச் சிரிக்காமல் அறிவித்தான். கோபன்ஹேகன் வணிகக் கல்லூரியில் ஒன்றரை வருடம் படித்தவன். மீதியைப் படிக்க வேண்டாமென்று கல்லூரியே கேட்டுக்கொண்டது. இப்போது ப்ரூனிடம் உதவியாள்.

"பேங்க்ல பணத்தைத் தூங்க வைக்கிற முதலாளியை மியூசியத்துல வைக்கணும் சார்."

ப்ரூன் இறால் உரித்துக்கொண்டிருந்தார். சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். "கதவைத் திறடா. யாரோ வராங்க."

வந்தவர் தோரா. டென்மார்க்கில், அந்நாளைய ஸ்வென்போர்க்கில் துறைமுகக் காற்றே அதிமதுர மிட்டாயாய் மணக்கும். அந்த மிட்டாய் ஆலையில் கால் பங்கு தோராவுக்கு; இறந்துபோன கணவர் லாரிட்ஸ் விட்டுப்போன ஒரே சொத்து.

"என் வீட்டுக்காரரோட கூட்டாளி ஹோல்கர்தான் ஆலையை நடத்துறார். லாபத்துல எனக்கு ஒரு காசு வரல. அவர் தம்பி விகோ என் பங்கைக் கேக்குறார். கட்டடம், கொதிகலன், புகைபோக்கி எல்லாத்துக்கும் முழு விலை போடுறார். பேங்க்ல இருக்கிற பணத்துக்கு மட்டும் ஒரு குரோனருக்கு அரை குரோனர்தான். மீதி எங்கே? ஹோல்கர் எடுத்துட்டாரா? ஞாயித்துக்கிழமை நான் பதில் சொல்லணும். வித்துட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை வங்கி மேலாளர் ஆலைப் பணம் மொத்தமும் இருப்பதை உறுதிசெய்தார். பிறகு ப்ரூனும் ஐவினும் ஆலைக்குப் போனார்கள். ஹோல்கர் கைகுலுக்கினார், மிட்டாய் டப்பா ஒன்றை ஐவினுக்குக் கொடுத்தார். பிப்ரவரிக் குளிரில் அவருடைய வலது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"ஊர்ல விசாரிச்சேன் சார்," என்றான் ஐவின். "தினமும் விடியக்காலையில கரையில போய் நிக்கிறாராம். கடலோரமா பெரிய ஹோட்டல் கட்டப்போறாராம்."

ஞாயிறு மதியம் தோராவின் வரவேற்பறையில் எல்லோரும் காபியோடு உட்கார்ந்தார்கள்.

"திருட்டுன்னு சந்தேகம் இருந்தா விகோ அந்தப் பணத்துக்கு ஒண்ணுமே குடுக்க மாட்டார்," என்றார் ப்ரூன். "பாதி குடுக்கிறார்னா என்ன அர்த்தம்? பணம் இருக்குன்னு தெரியும். ஆனா நிலைக்காதுன்னு நினைக்கிறார்."

"பின்னே? அண்ணன் ஹோட்டல் கனவுக்கு நான் எதுக்கு முழு விலை குடுக்கணும்?" என்றார் விகோ.

"ஹோட்டலுக்கு இடம் பாக்கிறவர் தண்ணியில கை விட மாட்டாரே. ஹோல்கர், தண்ணி எவ்வளவு சில்லுனு இருக்குன்னுதானே தினமும் பாக்கிறீங்க?"

ஹோல்கர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யுத்த காலத்துல ஜலசந்தி உறைஞ்சுபோச்சு. அதிமதுர வேர் ஏத்தின கப்பல் வரல. பேங்க்ல கடன் கேட்டேன், பனி உருகட்டும்னாங்க. தொழிலாளிங்களுக்குக் கூலி குடுக்க வழியில்ல. லாரிட்ஸ் தன்னோட நீலப் படகை வித்துக் கூலி குடுத்தான்."

"ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சுன்னு என்கிட்ட சொன்னாரே," என்றார் தோரா.

"சொல்லாதேன்னான். இன்னொருத்தன் படகு விக்கக் கூடாதுன்னு அன்னையிலேர்ந்து சேத்து வைக்கிறேன்."

 அந்தப் படகில் போன கோடை மாலைகள், பாய்மரத்தடியில் பிரித்துத் தின்ற ரொட்டி, லாரிட்ஸின் மட்டமான பாட்டு எல்லாம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின.

"எதுக்குன்னு சொல்லாம வெச்ச பணத்தை ஊர் பாதி விலைக்குத்தான் மதிக்கும்," என்றார் ப்ரூன். "காரணத்தைச் சொல்லிடுங்க. ஒரு குளிர்காலக் கூலியை ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்தைப் பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுங்க."

ஹோல்கர் தலையாட்டினார். விகோ தொண்டையைச் செருமினார். "சரி, தோரா. முழு விலையே தர்றேன்."

"இப்ப நான் விக்கிறதா இல்ல," என்றார் தோரா. "கேக் எடுத்துக்கோங்க."

மறுநாள் ப்ரூன் ஐவினுக்குக் கூலி கொடுத்தார். அவன் பாதியைக் காலி மிட்டாய் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, அலமாரியின் பின்பக்கம் தள்ளினான். அவன் சட்டைக் கையும் கடல்நீரில் முழங்கைவரை நனைந்திருந்தது.

ப்ரூன் இறாலை உரித்துக்கொண்டே இருந்தார்.