அப்பாவை நிமிர்த்திய மென்பொருள்

நிலவுக் குடியிருப்பின் அந்தச் சிறிய அறையில் திரை சுவரோடு சுவராகப் பொருத்தப்பட்டிருந்தது. கழற்ற முடியாது, திருப்பவும் முடியாது. அதில், அருப்புக்கோட்டை வீட்டில், அப்பா சோலைமலை தலைகீழாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மருதுபாண்டிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தனியாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவன் வாங்கி அனுப்பிய 'வீட்டுக்கண்' கேமராவை, எலக்ட்ரீஷியன் கூடத்தின் பழைய மின்விசிறிக் கொக்கியில் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டான். படத்தை நேராக்கும் வசதிக்கு நிறுவனம் மாதாமாதம் கட்டணம் கேட்டது.

"படத்தைத் திருப்புறதுக்கு எவனாவது காசு குடுப்பானா?" என்றான் அறைத்தோழன் ரஹீம். "தேடிப் பாரு மச்சான். ஓசியில எதாவது கெடைக்கும்."

கிடைத்தது. 'நிமிர்த்தி' என்று ஒரு குட்டி மென்பொருள். ஒரே பொத்தான். எந்தத் திரையில் ஏற்றினாலும் அதுவே படத்தை நேராக்கிவிடும். விண்கலங்களுக்காக எழுதியது; அங்கே எது தரை, எது கூரை என்று சொல்ல முடியாது என்பதால் அது சுவர்களை நம்புவதில்லை, முகத்தைத்தான் தேடும். நெற்றி இருக்கும் பக்கம் மேல், தாடை இருக்கும் பக்கம் கீழ். அவ்வளவுதான் அதன் அறிவு.

பொத்தானை அழுத்தியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடத்தில் அப்பா மகனைப் பார்க்கும் திரையிலும் மருது அதையே ஏற்றிக் கொடுத்தான். அப்பா குனிந்து செருப்பு மாட்டினால் வீடே ஒருபக்கமாகச் சாயும், நிமிர்ந்தால் சரியாகிவிடும். முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போனது.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் நேரம். ஷிப்ட் சங்கு காதைப் பிளந்தது. மருது போகிற போக்கில் திரையைப் பார்த்தான். அப்பா நின்றுகொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. சங்குச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

"என்னடா, பீரோ படுத்துக் கெடக்கு?" என்றான் ரஹீம்.

"ஓசி மென்பொருள்டா. அப்படித்தான் இருக்கும்."

அப்பா கையை மெல்ல உயர்த்தி அசைத்தார். மருதுவும் கையசைத்துவிட்டு ஓடினான்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜெயராணி அழைத்தாள். முந்தைய நாள் முழுக்க அப்பா கூடத்துத் தரையில் விழுந்து கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் நடந்திருப்பார் என்றாராம் டாக்டர். மருது அன்றைய கேமராப் பதிவை நிமிர்த்தி இல்லாமல் ஓட்டினான். தலைகீழாக இருந்தாலும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பீரோ ஒழுங்காகத்தான் நின்றது. அப்பாதான் படுத்துக் கிடந்தார். கையசைத்துவிட்டு ஓடிய தன்னை நினைக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பா வீடு திரும்பி, கூடத்தில் கட்டில் போட்ட அன்று மருது தன் பக்கத்தில் நிமிர்த்தியை அழித்தான். இனி எந்த மென்பொருளையும் நம்புவதாக இல்லை. நிலவில் உடம்புக்குக் கனம் குறைவு. மேல்படுக்கைக் கம்பியில் கால்களை மாட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் வௌவாலாகத் தொங்கினான். இப்போது அப்பா நேராகத் தெரிந்தார். படுத்தபடியே இருந்தார்.

"வலிக்குதாப்பா?"

பேச்சு பூமிக்குப் போய்த் திரும்பச் சற்று நேரம் பிடித்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அன்னைக்கு விழுந்ததும் ஒன்னப் பாத்துக் கைய ஆட்டுனேன். நீயும் ஆட்டுன. சரி, பய பாத்துட்டான், ஆளு அனுப்பிருவான்னு தைரியமாக் கெடந்தேன். அதான் கத்தல."

மருது அப்படியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் நிறைந்தது புருவத்தைத் தாண்டி நெற்றியில் இறங்கி, முடிக்குள் போனது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அப்பா பார்க்கட்டும் என்றிருந்தான்.

அப்பா தன் திரையை உற்றுப் பார்த்தார். அங்கே நிமிர்த்தி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. மகன் நேராக நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மருது, ஒன் கண்ணுல இருந்து தண்ணி மேல ஏறுற மாதிரி தெரியுது?" என்று சிரித்தார். "ஓசி சமாச்சாரம்ல. அப்படித்தான் இருக்கும். நீ வேலைக்குக் கெளம்பு."

சொல்லிவிட்டுக் கையசைத்தார்.