மஞ்சள் கறை போகாது!

போன் அலறியது.

நஞ்சுண்டன் பாய்ந்து எடுத்தான். அமெரிக்காவின் எடிசன் நகரில் அவன் தூங்கிப் பதினோரு நாள் ஆகிறது. வாசலில் நின்ற 1932 மாடல் கன்வர்ட்டிபிள் காணாமல் போய்ப் பதினோரு நாள்! அமெரிக்காவே சோற்றுக்கு அல்லாடிய காலத்துக் கார். துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டினால் ஓக் ட்ரீ ரோடே திரும்பிப் பார்க்கும். மூன்று வருஷம் துருவைச் சுரண்டிச் சுரண்டி ஓடவைத்தான்... பாவி எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான்!

போலீசில் சொன்னானா?

இல்லை. க்ரீன் கார்டு ஃபைல் நகர்கிற நேரத்தில் போலீஸே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள் மனைவி தாமரைச்செல்வி.

"நஞ்சு, பத்மநாபன் அங்கிள் பேசறேன். ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங் லாட்ல உன் கார் மாதிரியே ஒண்ணு நிக்குதுப்பா... கலர் மட்டும் வேற. சுத்தி போலீஸ்!"

பத்தே நிமிஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே நின்றார்கள்.

சிவப்புக் கார் இப்போது கறுப்பு. நம்பர் பிளேட் இல்லை. சேசிஸ் நம்பரைச் சுரண்டியிருந்தார்கள்.

"இது என் கார், ஆபீசர்!"

சார்ஜென்ட் மில்லர் பபிள்கம் மென்றார். "ப்ரூஃப்?"

"அந்த ஹெட்லைட்... ஸ்டியரிங்..."

"அந்த மாடல் எல்லாத்துலயும் அதேதானே?"

"கண்ணை மூடிட்டுச் சொல்வேன் சார்!"

"திறந்துட்டுச் சொல்லுங்க. உங்க கார்தானா?"

நஞ்சுண்டனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதிரிலேயே நிற்கிறது... தொட முடியவில்லை! என்ன எழவுடா இது!

தாமரைச்செல்வி கிசுகிசுத்தாள். "ஏங்க... பிள்ளையார் சுழி!"

அட, ஆமாம்! வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, கூரைத் துணியின் உள்பக்கம் மஞ்சளைக் குழைத்துச் சுழி போட்டாள். கறை போகாதேடி என்று ஒரு வாரம் அவளோடு பேசவே இல்லை அவன்.

"கூரைக்கு உள்ளே பாருங்க சார்! மஞ்சள் மார்க்! என் வைஃப் போட்டது!"

மில்லர் டார்ச் அடித்தார். சுழி பளிச்சென்று இருந்தது.

"வேற யாராவது போட்டிருந்தா?"

"சான்ஸே இல்லை! நூறு பர்சென்ட் என் கார்!"

"காணோம்னு கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?"

"அது... குடுக்கல."

மில்லர் முதல் தடவையாகச் சிரித்தார். பின்பக்கம் போனார். அந்தக் காலத்துக் காரில் டிக்கி மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு பேர் உட்காரும் சீட் இருக்கும். தூக்கினார்.

கோட்டு சூட்டோடு ஒரு ஆள் மடங்கிக் கிடந்தான். நெற்றியில் ஓட்டை!

நஞ்சுண்டன் கையில் விலங்கு ஏறியது.

"ஐயோ! திருடினவன் பண்ணது சார் இது!"

"எந்தத் திருடன்? கம்ப்ளெயின்டே இல்லையே!"

தாமரைச்செல்வி தொண்டையைச் செருமினாள்.

"ஆபீசர்... அந்தச் சுழியை இப்பத்தான் நல்லாப் பார்த்தேன். அது என் கையெழுத்தே இல்லை!"