ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர்

கழிவுக் குழாயில் சந்தன வாசனை அடித்தது. வீராசாமி குனிந்து, குழாயைக் கிட்டே இழுத்து, இன்னொரு தரம் மோந்து பார்த்தார். கடைச் சந்தனம் மாதிரி இல்லை. மலைமேல் மொட்டை அடித்த கையோடு குழந்தைகள் தலையில் அப்புவார்களே, ஈரமும் குளிர்ச்சியுமாக, அந்த வாசனை. மெஷினுக்குள் ஏதோ மருந்து போட்டுவிட்டான் திருட்டுப் பயல் என்று முனகிக்கொண்டே நிமிர்ந்தார்.

தண்ணீர் வடிகட்டும் அந்த மெஷின் மனுஷர் குடிக்க வாங்கியது அல்ல, மீன்களுக்கு. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடக்கும் அவர் பெண்சாதி பங்காரம்மாவுக்கு, தலைமாட்டில் இருக்கும் கண்ணாடித் தொட்டிதான் உலகம். கிணற்று உப்பில் மீனெல்லாம் செத்து மிதந்ததும் அவள் கஞ்சிக்கு வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். நாலாம் நாள் பயந்துபோய் அரக்கோணத்திலிருந்து குமரேசனை வரவழைத்து மெஷினை மாட்டினார்.

"பெரியவரே, ஒரு பங்கு நல்ல தண்ணி வந்தா மூணு பங்கு கழிவு போவும். கால்வாயில வுட்டுடுங்க."

"மூணு பங்கைக் கொட்டணுமா? யார் ஊட்டுத் தண்ணிடா அது?"

"ஐய, திரும்பக் கிணத்துல மட்டும் வுட்றாதீங்க. வடிகட்டினதெல்லாம் அங்கியே சேர்ந்துகினே போவும். அப்புறம், உப்பே இல்லாத தண்ணில மீனு நிக்காது. பக்கெட்டுக்கு ஒரு சொம்பு கிணத்துத் தண்ணி கலந்து ஊத்துங்க."

"வடிகட்டச் சொல்லிட்டு அதையே கலக்கச் சொல்றான் பாரு. நல்லா இருக்குதுடா உன் தொழில்!"

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் கழிவுக் குழாயைப் பின்பக்கம் இழுத்துப்போய், கிணற்றை மூடியிருந்த சிமெண்டுப் பலகையின் ஓட்டையில் சொருகிவிட்டார். அந்தத் தண்ணீரில் குளித்திருக்கிறார், துணி துவைத்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வாய் குடித்ததில்லை.

புதுசாக வந்த நியான் மீன்கள் நீலமும் சிவப்புமாகத் திரிந்தன. பங்காரம்மா கஞ்சி குடித்தாள். அது போதும் அவருக்கு.

ஆனால் குமரேசன் கொடுத்த உப்பு மீட்டர், முதல் நாள் கிணற்றுத் தண்ணீரில் ஆயிரத்து நூறு காட்டியது, பத்தாம் நாளான இன்றைக்கு நாலாயிரத்து எழுநூறு காட்டியது. ஆடி மாசத்து மேகம் மலையை மூடி, சாயந்திரம் நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டு கட்டியிருந்தது. மெஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியும் குழாய் சும்மா இல்லை. இளநீரின் அடியில் மிச்சத்தை உறிஞ்சுவது மாதிரி, விட்டு விட்டு, ஒரு சத்தம்.

போனை எடுத்தார்.

"மெஷினுக்குள்ள சந்தனம் எதுனா போட்டியாடா?"

"சந்தனமா? இன்னா பெரியவரே, அது இன்னா சாமி ரூமா?" குமரேசன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஆமா... கழிவை எங்க வுட்டீங்க?"

வீராசாமி போனை அணைத்தார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி, அவர்கள் பிள்ளை மணி, மூன்று வயது. காலையில் மலையில் மொட்டை, சாயந்திரம் இந்தக் கிணறு. மூன்று நாள் ஆள் இறங்கித் தேடியும், அடியில் பக்கவாட்டாகப் போன பொந்துக்குள் உடம்பு அகப்படவில்லை. நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பங்காரம்மா கண் விழித்ததும், அடக்கம் பண்ணிவிட்டேன் என்று சொன்னார். ஏரிக்கரையில் ஒரு மண்மேட்டையும் காட்டினார். நடக்க முடிந்தவரை வருஷா வருஷம் அவள் அதன்மேல் பால் ஊற்றினாள். வெறும் மண்ணுக்கு. அது தெரியாமலே அவள் கண்ணை மூடிவிட வேண்டும். அவர் சாமியிடம் கேட்பதெல்லாம் அது ஒன்றுதான்.

குழாயைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கிணற்றடிக்குப் போய் இழுத்தார். வரவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று பலம் கொடுத்தார். பிடியைத் தளர்த்தினார்.

கீழேயிருந்து இழுத்தது.

பலமாக இல்லை. கடைத்தெருவில் வேட்டி முனையைப் பிடித்துக் குழந்தை இழுக்குமே, அந்த அளவு.

வீட்டுக்குள்ளே தண்ணீர் சலசலத்தது.

ஓடினார். அறையில் சந்தனம் மூச்சை அடைத்தது. தொட்டித் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. காலையில் கலந்து ஊற்றிய அந்த ஒரு சொம்பு. அவர் கையால் ஊற்றியது. மீன்கள் எல்லாம் ஒரு மூலையில். ஒன்றன்மேல் ஒன்று. அசையாமல்.

கண்ணாடியில் ஒரு கை அச்சு. சின்னது. தோள் துண்டால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார்.

அச்சு உள்பக்கம் இருந்தது.

அப்புறம்தான் பங்காரம்மாவைப் பார்த்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். செத்துக் கிடந்த வலது கை தொட்டிக்குள். மணிக்கட்டு வரைக்கும். எதையோ தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நைனா," என்றாள். பெற்ற பிள்ளையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

"மண்ணுல வெச்சேன்னு சொன்னீங்களே."

வீராசாமி துண்டோடு ஓரடி பின்னால் போனார்.

"இவ்ளோ சில்லுனு இருக்கான்."

அவள் விரல்களுக்குக் கீழே, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, உருண்டையாக ஒன்று எழும்பியது. மொட்டை. முப்பத்தெட்டு வருஷமாகியும் சந்தனம் கரையவில்லை.

அது அவர் பக்கம் திரும்பத் தொடங்கியது.