சேமித்து வைத்த பன்னிரண்டு நாள்

காலையில் தின்ற இட்லியின் ருசியைச் சாயங்காலம் ஆற அமர உட்கார்ந்து அனுபவிப்பதுதான் கலாமணி வீட்டு வழக்கம். அவள் வீட்டில் மட்டுமல்ல, கோயம்புத்தூரின் நாற்பத்தோரு அடுக்குக் குடியிருப்புகளில் இருந்த எல்லோருக்கும் அதுதான் வழக்கம். காலையில் எல்லோருக்கும் அவசரம். அவசரத்தில் ருசி தெரியாது. ஆகவே வாய் பாட்டுக்கு மெல்லும். ருசி நேராகத் தேக்கிக்குப் போய்விடும்.

தேக்கி என்பது எள்ளளவு கருவி. குழந்தைக்குக் காது குத்தும்போதே காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்துவிடுவார்கள். அந்த இடத்தை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். கண் காண்பதும் காது கேட்பதும் நெஞ்சு படும் பாடும் மனதுக்குப் போகாமல் அதில் போய்ச் சேரும். உடம்பு நடக்கும், சிரிக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். எல்லாம் பழக்கத்தில் நடக்கும். ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டார். பிறகு தோதான நேரத்தில் இறக்கி அனுபவித்துக்கொள்ளலாம். பிடிக்காததைக் கழித்தும் விடலாம். ஒரே ஒரு சங்கடம் உண்டு. ஒன்று வாழலாம், இல்லையென்றால் சேமிக்கலாம். இரண்டும் சேர்ந்து முடியாது. இருப்பது ஒரே மடை. தண்ணீரை வயலுக்குத் திருப்பினால் குளத்துக்கு இல்லை.

முதலில் பல் பிடுங்கவும் பேருந்து நெரிசலுக்கும்தான் இது பயன்பட்டது. அப்புறம் அலுவலகத்துக்கு. அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி கேட்டான்: கெட்ட நேரத்தையே இவ்வளவு பத்திரமாகக் கடத்திவிடுகிறோமே, நல்ல நாளை மட்டும் எதற்கு அலுப்போடும் தலைவலியோடும் செலவழிப்பது? சோபாவுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைப் பத்து வருடம் கழற்றாமல் உட்கார்ந்த வம்சம் இது. பட்டுப்புடவையை நல்ல நாளுக்கென்று பீரோவில் வைத்து, மடிப்பிலேயே இற்றுப்போக விட்ட வம்சம். அதன் கையில் இப்படியொரு கருவியைக் கொடுத்தால் வேறென்ன செய்யும்?

கலாமணியின் கணவன் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சாக்கடைக்குள் இறங்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அந்த ஐம்பத்தெட்டில் அவன் தேக்கியில் போடாமல் நேராக வாழ்ந்தது பதினெட்டு வருடம் தேறினால் அதிகம். தன் கல்யாணத்தையே அவன் இன்னும் இறக்கிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றதும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

அவர்கள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மேற்கு மலையில் எழுபது வருடமாக மனிதரை அண்டவிடாமல் பூட்டி வைத்த காப்புக்காடு இருந்தது. அதற்குள் ஓர் ஏரி. மாதத்துக்கு ஒரு தம்பதியை மட்டும் விடுவார்கள், பன்னிரண்டு நாள், ஆயுளில் ஒரே தடவை. ஊரில் விற்ற மீன் தொட்டியில் வளர்ந்த சதைக்கட்டி. அதற்குக் கண்ணும் கிடையாது, முள்ளும் கிடையாது. முள்ளோடு ஒரு மீனைத் தன் கையால் பிடிக்க வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் கனவு. பத்தொன்பது வருடம் காத்திருந்து அனுமதி வந்தது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே அவன் மெல்ல ஆரம்பித்தான்.

“ஏன் கலா, இந்தப் பன்னண்டு நாளும் நேராவே இருந்து பார்த்தா என்ன?”

“நேராவேன்னா?”

“காதுக்குப் பின்னால அமுக்காமத்தான்.”

கலாமணி மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? அட்டை கடிக்கும், கொசு கடிக்கும், எனக்கு முட்டிவலி வேற. பத்தொம்பது வருசம் காத்திருந்தத முட்டிவலியோடயா வாழறது? இருந்து பார்த்துட்டா அன்னியோட தீர்ந்துது. சேமிச்சு வெச்சா ஆயுசுக்கும் இருக்கும். கொசுவக் கழிச்சுப்போட்டு நிம்மதியா நூறு தடவ பார்க்கலாமுங்க.”

“ஒரு நாளாச்சும்?”

“நடுவுல நிறுத்துனா மொத்தமும் கலங்கிப்போயிருமுங்க. பன்னண்டு நாளுக்கும் பூட்டுப் போட்டரலாம்.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை; அந்த ஊரில் எந்த மனைவியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நாச்சிமுத்து தலையை ஆட்டினான். “செரி. நீ சொன்னாச் செரி” என்றான்.

வியாழக்கிழமை காலை, குடியிருப்பு வாசலில் வண்டி வந்து நின்றது. கலாமணி ஒரு காலைப் படியில் வைத்தாள், காதுக்குப் பின்னால் அழுத்தினாள், மறு காலை எடுத்து வைத்தாள்.

அந்த மறு கால் படிந்தது குடியிருப்பு வாசல் தரையில். பன்னிரண்டு நாள் முடிந்து பூட்டுத் திறந்திருந்தது. இதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை, எப்போதும் இப்படித்தான். ஆனால் தொண்டை கட்டியிருந்தது. கண் இரண்டும் வீங்கி எரிந்தன. நகத்துக்குள் சேறு. பக்கத்தில் நாச்சிமுத்து இல்லை. காட்டிலாகா உடுப்பில் ஒரு பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நான் மும்தாஜ்ங்கம்மா, வனக்காவல் அதிகாரி. நாலு நாளா உங்களோடதான் இருக்கறேன். இப்பத்தான் நீங்க முழிக்கறீங்க.” அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள். “எட்டாம் நாள் காலைல உங்க வீட்டுக்காரர் ஏரில வழுக்கி விழுந்துட்டாருங்கம்மா. நீங்களும் கழுத்தளவு தண்ணிக்குள்ள எறங்கிட்டீங்க. மூணு பேர் சேர்ந்துதான் உங்களை இழுத்தோம். பத்தாம் நாள் அடிவாரத்துல காரியம் முடிஞ்சுது. நீங்கதான் கொள்ளி வெச்சீங்க. ரொம்ப அழுதீங்க.”

கலாமணி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாலி இல்லை. யார் கழற்றினார்கள், எப்போது கழற்றினார்கள் என்று தெரியவில்லை. கூடப் போன புருஷனை எரித்துவிட்டு வந்து நிற்கிறாள். ஆனால் அவள் வரைக்கும் ஒரு நொடிக்கு முன்னால் அவன் வண்டிக்குள் உட்கார்ந்து, “பாத்து ஏறு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“கவலப்படாதீங்கம்மா. ஒண்ணும் போயிரல. எல்லாம் உங்க தேக்கில பத்திரமா இருக்கும்” என்றாள் மும்தாஜ். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

துக்கம் கேட்க நாற்பது பேர் வந்தார்கள். நாச்சிமுத்துவின் அக்கா பழனாத்தாள் கலாமணியைக் கட்டிக்கொண்டு, “என் ராசா போயிட்டானே” என்று கதறினாள். அவள் இமைகள் கடிகாரம் போலச் சீராக அடித்துக்கொண்டிருந்தன. தேக்கத்தில் இருப்பவரை இமையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கலாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாற்பது பேரும் சீராக இமைத்தார்கள். துக்கம் பெரிய விஷயம் அல்லவா? ஓய்வாக இருக்கும்போது முறையாகப் பட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அன்று நிஜமாக இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கோ அழுவதற்கு எதுவும் நடந்த மாதிரியே இல்லை.

அவன் இறந்த பதினேழாம் நாள் காலை கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். எட்டு நாள் இருக்கிறது அவனோடு. அதையாவது முழுதாக வாழ்ந்துவிட வேண்டும். ஒன்றையும் கழிக்காமல், கொசுவைக்கூட விடாமல் வாழ வேண்டும் என்று நினைத்தாள். முதல் நாளை இறக்கினாள்.

ஏரி வந்தது. ஈர மண் வாடை வந்தது. பாறையில் நாச்சிமுத்து உட்கார்ந்து தூண்டிலில் புழுவைக் கோத்துக்கொண்டிருந்தான். கொசு கடிக்க, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லித் தொடையில் அறைந்துகொண்டான். அவன் கண்கள் இமைத்தன, நின்றன, திடீரென்று இரண்டு முறை இமைத்தன. அது தேக்கத்தில் இருப்பவனின் இமைப்பு அல்ல.

“நான் அமுக்கலே கலா” என்றான் அவன். “உங்கிட்ட செரின்னு சொல்லிப்போட்டு அமுக்காமயே வந்துட்டேன். நீ இதை எப்பப் பார்க்கறயோ அப்பத் திட்டிக்க. கலா, இருக்கியா?”

“இருக்கறனுங்க. சொல்லுங்க” என்றது அவள் வாய். அன்று ஏரிக்கரையில் அவள் உடம்பு பழக்கத்தில் சொன்ன பதில் அது. நாச்சிமுத்து அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாம் நாள் மழை பெய்தது. அவன் நனைந்தபடி நின்று சிரித்தான். மூன்றாம் நாள், “நம்ம கண்ணாலத்தன்னிக்கு மழை பேஞ்சுதா கலா?” என்று கேட்டான். “ஆமாங்க, சாப்டீங்களா?” என்றது அவள் வாய். நான்காம் நாளிலிருந்து அவன் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டான். ஆறாம் நாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். “ஊர்லயும் இப்பிடித்தான் இருந்திருக்கறோம் போல. நானும் அங்க இல்லாததால எனக்குத் தெரியல” என்றான். நாற்காலியில் இருந்த கலாமணி, “இருக்கறனுங்க, இப்ப இருக்கறனுங்க” என்று சத்தமாகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்?

எட்டாம் நாள் காலை தூண்டில் வளைந்தது. அவள் கடைக்கண்ணுக்குத் தெரிந்த பாறை நுனியில் நின்று நாச்சிமுத்து இழுத்தான். வெள்ளி வயிறோடு ஒரு மீன் அவன் இரண்டு கைக்கும் நடுவில் துள்ளியது. ஐம்பத்தெட்டு வயதுக்காரன் ஐந்து வயதுக்காரன்போலக் கத்தினான்.

“கலா! பாரு கலா! முள்ளோட நெஜ மீனு! ஒரே ஒருக்கா நிமிந்து பாரு!”

“அப்பறம் பார்த்துக்கலாமுங்க” என்றது அவள் வாய்.

அவள் தலை நிமிரவில்லை. அவன் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் கண்ணெதிரே கொண்டுவந்து காட்டுவதற்காக, பாசி படிந்த பாறை மேல் வேகமாக நடந்து வந்தான்.

கலாமணி அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அறை அமைதியாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. இது தேக்கியிலிருந்து வந்தது அல்ல. அவளுடைய சொந்த அழுகை, அன்றைக்குப் புதிதாகப் பிறந்தது. மார்பில் ஏறி வாயைத் திறக்க வைத்தது. இப்படி ஒன்று அவளுக்கு இதுவரை வந்ததே இல்லை. அப்போதுதான் காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முட்டி வேறு வலித்தது. இவ்வளவு பெரிய அழுகையை இந்த அலுப்பில் அழுது வீணாக்கக் கூடாது என்று பட்டது.

காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு அவள் உடம்பு எழுந்து, சீராக இமைத்துக்கொண்டு, சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்குக் காப்பி கலந்தது.